ஏர் எடுக்கணும்

படகு பாதி அலையில், பாதி மணலில்.
இழுத்துக்கொண்டிருந்த மினி டிராக்டர்
இருமி இருமி நின்றுவிட்டது.

"டீசல்ல தண்ணிடா" என்கிறான் டெல்லிபாபு,
பல்லிடுக்கில் டார்ச்.
கிண்ணத்தைக் கழற்றினால் அடியில் கறுப்புக் கூழ்;
போன வெள்ளத்தில்
கத்திவாக்கத்து ஆற்றோடு வந்ததே, அதே நாற்றம்.

புது ஃபில்டர் நானூற்றிருபது.
வாஷரில் டீசல் தடவி
ஸ்பேனர் தொடாமல், கையாலேயே இறுக்குகிறான்.
திருகை அரைச்சுற்று விட்டுப் பம்பை அமுக்க
நுரை, கொப்புளம், மறுபடி நுரை,
பிறகு
அறுபடாத ஒரே கோடு.

இடுப்பில் இன்ஹேலரைத் தேடியபடி தேசம்மா:
"எத்தினி மணிநேரத்துக்கு ஒருதரம் மாத்தணும்?"
"எரநூத்தம்பது."
"வண்டிக்கா?"
"பின்ன?"

அனல்மின் குழாயின் உச்சியில்
சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிகிறது.

முதல் தடவை பிடிக்கவில்லை.
இரண்டாவதில், சாவியோடு
ஓர் அலையும் வந்து தள்ளியது.