பயனாளிகள் எத்தனை பேர்

ஏழாம் கேள்வி:
'இத்திட்டத்தால் பயன்பெறுவோர் எத்தனை பேர்?'
இருபத்து மூன்று என்று எழுதி
அடித்துவிட்டேன்.
போன செவ்வாய்க்கிழமை வந்த சாரணர்கள் பத்தொன்பது.
இருவருக்குச் சின்னம்மை.
ஒருவன் ரக்பிக்குப் போய்விட்டான்.
காட்ரின் வராதது காலணி வாய்பிளந்ததால் என்று
அவள் தம்பி சொல்லித்தான் தெரியும்.
அவளை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

மணி பதினொன்று. கும் எய்தினில் மழை.
காலை ஐந்தரைக்கு முதல் பேருந்தை
நான்தான் எடுக்கவேண்டும்.
மேசையில் வங்கிக் கணக்கு:
முந்நூற்றுப் பன்னிரண்டு பவுண்டு, நாற்பது பென்ஸ்.
அதன்மேல் ஹவெல் எழுதித் தந்த கூரைச் செலவு:
பதினெட்டாயிரம்.
யானைப் பசிக்குச் சோளப்பொரி என்றால்
எங்களிடம் இருப்பது
பொரித்த வாசனை.

லாட்டரி நிதிக்காரர்கள் அன்பானவர்கள்.
'இம்முறை இயலவில்லை' என்பதை
மூன்று பத்திகளில் சொல்வார்கள்.
காற்றாலை அறக்கட்டளையின் பணம்
மலைக்கு அந்தப் பக்கத்து ஊர்களுக்கு மட்டும்.
இறக்கைகள் சுற்றுவது என்னவோ
எங்கள் ஜன்னலில்.
கவுன்சில் பாதி தரும்,
மீதிப் பாதி எங்கள் கையில் ஏற்கெனவே இருந்தால்.
மீதிப் பாதியைத் தரக்கூடியவரும்
அதையேதான் கேட்கிறார்.
வாசலில் இரண்டு கனவான்கள்
'நீங்கள் முதலில்'
'இல்லையில்லை, நீங்கள்' என்று
குனிந்துகொண்டே நிற்கிறார்கள்,
பின்னால் நாங்கள் நனைகிறோம்.

ஒன்பதாம் கேள்வி: 'தேவைக்கான சான்று.'
நெரிஸ் ஒரு படம் எடுத்துத் தந்திருக்கிறாள்.
கொடிக்குக் கீழே நீல வாளி.
பிள்ளைகள் அதற்குக் கர்னல் என்று பெயர் வைத்து
கூட்டம் தொடங்குமுன்
மூன்று விரலால் சல்யூட் அடிக்கிறார்கள்.
கர்னலைத் தூக்கிப்போய் ஊற்றிவர
வாரம் ஒரு அணி.
போன மாதம் அதற்காகச் சண்டைகூட வந்தது.
இதை எப்படி அனுப்புவது?
எல்லோரும் சிரிக்கிறார்களே.
தேவையுள்ளவர்கள் இப்படியா சிரிப்பார்கள் என்று
கார்டிஃபில் யாரோ
கண்ணாடியைக் கழற்றி யோசித்தால்?

கடன் ஒரு வழி.
தலைமையகம் ஒன்பதாயிரம் தரும், வட்டி கிடையாது,
பத்து ஆண்டுகளில் திருப்ப வேண்டும்.
அதைக் காட்டினால் கவுன்சிலின் பாதியும் வரும்.
மாதம் எழுபத்தைந்து பவுண்டு.
பதினைந்து கார் கழுவினால் போயிற்று என்றான் மாபன்,
அவனிடம் கார் இல்லை.
கையெழுத்துக்கு மூன்று பேர் தயாராகிப்
பேனாவைத் திறந்தபோது
அலெட் ஒரு பிஸ்கெட் டப்பாவோடு வந்தாள்.
உள்ளே குத்தகைப் பத்திரம்.
நிலம் தேவாலயத்துடையது,
இன்னும் ஒன்பது ஆண்டுகள்தான்.

பத்தாண்டுக் கடன்.
ஒன்பதாண்டு நிலம்.
நடுவில் ஒரு வருடம்
எங்கள் புதுக் கூரை
சுவரில்லாமல் ஆகாயத்தில் நின்றது.
யாரும் பேசவில்லை.
கர்னல் மட்டும்
டொக், டொக் என்று
தன் கருத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது.

காலணிக்கு நல்கை தருவோர் இருக்கிறார்களா
என்று பட்டியல் முழுக்கத் தேடிவிட்டேன்.
கூரைக்கு உண்டு, படகுக்கு உண்டு,
'தலைமைப் பண்பு'க்குத் தாராளமாக உண்டு.
காசோலைப் புத்தகத்தில் இருபத்தெட்டு பவுண்டு எழுதினேன்.
கணக்கேட்டில்: 'சில்லறைச் செலவு.'
மிச்சம் இருநூற்று எண்பத்து நான்கு, நாற்பது பென்ஸ்.
தணிக்கையாளர் கேட்டால்
அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

ஏழாம் கேள்விக்குத் திரும்பினேன்.
அடித்ததற்கு மேலேயே மறுபடி எழுதினேன்,
இருபத்து மூன்று.
கொஞ்சம் அசிங்கமாகத்தான் இருக்கிறது.

ஐந்தரை வண்டியில் தினமும் ஏறுகிறவர்
தேவாலயத்து டீக்கன் எம்லின்.
மூன்றாம் இருக்கை, ஜன்னலோரம்,
எப்போதும் பெரிய நோட்டுதான் நீட்டுவார்.
மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுக்கும்போது
கேட்டுவிடலாம்,
ஒரு வருடம்.