குழாய்த் தண்ணி

கார்கிலுக்கு மாற்றல் என்றாள் ஜெபக்கனி.
வங்கி வேலை. பதவி உயர்வோடு சேர்ந்து வந்த பனி.
"வண்டியை அதுக்குத் தோதா ஆக்கித் தாங்கண்ணே.
ஐப்பசி முடியறதுக்குள்ள கணவாய் தாண்டணும்."

நான் கண்ட பனி
மார்கழி விடியலில் கொக்கிரகுளம் பாலத்தில்
ஹெட்லைட் முன்னால் ஆடும் புகை மட்டும்தான்.
இருபத்தொன்பது வருஷமாய் என் வைத்தியமெல்லாம்
சூடேறி நின்றுபோன வண்டிகளுக்கு.
கயத்தாறு தாண்டி பானெட் திறந்து
கையைச் சுட்டுக்கொண்டு வருகிறவர்கள்தான்
எனக்குச் சோறு போட்டவர்கள்.
குளிருக்கு நிற்கும் வண்டியை
எங்கே தொட்டுப் பார்ப்பது?

பட்டாளத்தில் லாரி ஓட்டிய தளவாய்
நாங்குநேரியிலிருந்து போனில் சொல்லச் சொல்ல
பில் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதினேன்:
பேட்டரி புதுசு போடு.
ஆயில் மெலிசா இருக்கணும்.
கதவு ரப்பர்ல கிளிசரின் தடவு,
இல்லேன்னா விடியக்காலம் கதவு வராது.
ராத்திரி ஹேண்ட்பிரேக் இழுக்கச் சொல்லாதே, கவ்விக்கிடும்.
கியர்ல நிப்பாட்டி, சக்கரத்துக்குக் கல்லு வைக்கச் சொல்லு.
நம்ம ஊரு டீசலோட மலையேறினா
மெழுகாட்டம் கட்டிக்கும், அங்கத்துது போடணும்.
பொறவு, ஏ சொரிமுத்து,
ரேடியேட்டர்ல குழாய்த் தண்ணி
ஒரு சொட்டு இருக்கப்படாது கேட்டியா.

திறந்துவிட்டேன்.
ஆறு வருஷத் தாமிரபரணி
துருவேறி, தேரிக்காட்டு நிறத்தில்
வாளிக்குள் விழுந்தது.
ஊற்றியவன் நான்தான்.
சூடான போதெல்லாம்
பட்டறைக் குழாயில் பிடித்துப் பிடித்து.

நீலக் கூலன்டை நம்பலாமா?
அதையும் கேட்டு யாரிடம் போக.
இரண்டு கண்ணாடி பாட்டில்,
ஒன்றில் தண்ணி, ஒன்றில் கலவை,
சமாதானபுரம் குச்சிஐஸ் கம்பெனியில்
ஒரு ராத்திரி கிடத்தினேன்.
காலையில் செய்யது சாயபு
விரிசல் விட்ட பாட்டிலைத் துணியில் சுற்றிக்கொண்டு
பட்டறை வாசலில் நின்று வைதார்.
"சேமியா ஐஸ் பூரா கண்ணாடித் தூள்வே!"
மற்றது அவர் கையில்
சும்மா தளும்பிக்கொண்டிருந்தது.
சேமியா ஐசுக்கு அறுநூறு கொடுத்தேன்.
பில்லில் ஏற்றவில்லை.

அடுத்து ஹீட்டர்.
அந்தத் திருகு சிவப்புப் பக்கம்
ஒருநாளும் திரும்பியதில்லை.
கேபிள் இறுகிக் கிடந்தது.
இசக்கி எண்ணெய் விட்டு ஆட்டி ஆட்டி
திறந்ததும் முதலில் தூசி,
பிறகு காய்ந்த பல்லி ஒன்று,
பிறகு அனல்.
புரட்டாசி வெயில், மத்தியானம் இரண்டு மணி,
கண்ணாடியெல்லாம் ஏற்றிவிட்டு
நானும் ஜெபக்கனியும்
கால்மணி நேரம் உள்ளே உட்கார்ந்திருந்தோம்.
முருகன்குறிச்சி பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.
வேர்வை மூக்கில் சொட்ட அவள் கேட்டாள்,
"இது போதுமாண்ணே?"
எனக்கென்ன தெரியும்?
"போதும்," என்றேன்.

புறப்படும்போது இசக்கி
டிக்கியில் இரண்டு கல்லைத் தூக்கிப் போட்டான்.
"ஏல, அங்க மலையே கல்லுதானல?"
"இருட்டுல தேடப்படாதுல்லா."

எட்டு நாள் கழித்து
சாப்பாட்டில் கை வைத்தபோது உறைத்தது:
வைப்பர் டப்பா.
கண்ணாடிக்குப் பீச்சுகிற ஒன்றரை லிட்டர்.
அதிலும் குழாய்த் தண்ணிதான்,
நானே நிரப்பி மூடியை அழுத்தியது.
எச்சில் கையோடு போன் போட்டேன்.

உதம்பூரில் டீ குடித்துக்கொண்டிருந்தாள்.
மேலே ஏறவில்லை இன்னும்.
"கீழ ஊத்தணுமாண்ணே?"
"குழாயைக் கழட்ட உங்களுக்கு வராது.
லீவரை இழுத்துப் புடிங்க,
தீருற வரைக்கும்."

பீச்சுகிற சத்தம்,
வைப்பர் தேய்க்கிற சத்தம்,
வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.
"நாக்பூர்ல அப்புன பூச்சியெல்லாம் போயிட்டுண்ணே.
இப்பதான் ரோடே தெரியுது."
அப்புறம் அவள் ஒன்றும் பேசவில்லை.
தண்ணி இல்லாமல் மோட்டார் மட்டும்
கீச்சென்று சுற்றியது.

"கையை எடுங்கம்மா," என்றேன்,
"கருகிரும்."