ஒன்று புள்ளி நான்கு

ஆகஸ்டில் ஷார்ஜா பத்தாம் நம்பர் தொழிற்பேட்டையில்
ஏசி செய்கிற கொட்டகைக்கு
ஏசி கிடையாது.
என் கண்ணாடி அறைக்கு உண்டு.
கண்ணாடியின் வெளிப்பக்கம் வியர்க்கும்;
அதற்கு அப்பால் வியர்ப்பவர்களைத்
துடைத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

அடக்கவிலைக் கணக்கு எழுதுகிறவள் நான்.

தம்மாமிலிருந்து ஆர்டர், அறுநூறு யூனிட்.
நூற்றுக்கு நாற்பது இங்கே சேர்ந்திருந்தால்
அது இந்த ஊர்ச் சரக்கு,
பத்தா எல்லையில் வரி இல்லை.
ஒரு நூல் குறைந்தாலும் வந்தேறி,
ஐந்து சதவீதம் கட்டு.

கம்ப்ரெசர் தாய்லாந்து.
செப்புக்குழாய் சீனா.
தகடு கொரியாவிலிருந்து சுருளாக வரும்,
பிரித்தால் நடுவில் யாரோ படித்து முடித்த செய்தித்தாள்.
மோட்டாரைக் கேட்க வேண்டாம்,
அது என்னைவிட அதிகம் ஊர் பார்த்தது.
ஆயிரம் திர்ஹத்தில்
அறுநூற்றுப் பதினான்கு கப்பலில் வந்தது.
மிச்சம் முந்நூற்று எண்பத்தாறு
வாடகை, கரண்ட், மடிப்பு, துளை, பற்றவைப்பு, கூலி.
முப்பத்தெட்டு புள்ளி ஆறு.

குறைந்த ஒன்று புள்ளி நான்கைத் தேடி
மூன்று நாள் கொட்டகையைச் சலித்தேன்.
ஷம்னாத் சைக்கிளில் கொண்டுவரும் சுலைமானி
கேட்டுக்கு உள்ளே குடித்தால் உற்பத்திச் செலவு,
வெளியே குடித்தால் வெறும் டீ.
கிளியரிங் ஏஜென்ட் மீரான் சிரித்தார்:
"என் கட்டணம், லாரி வாடகை, முத்திரைக் காசு
ஒன்றையும் சேர்க்காதே தாயி.
கதவைத் தாண்டிவிட்டால் எல்லாம் சேவை.
சேவை கணக்கில் வராது."
இதைச் சொன்ன சேவைக்கு
நூறு திர்ஹம் பில் போட்டார்.

நான்காம் நாள் ராத்திரி
வருகை அட்டைகளைப் பரப்பினேன்.
சம்பளத்தாள் ஆறு மணிக்கு முடிகிறது.
அட்டை எட்டு மணிக்கு.
இருதயராஜ், எட்டு.
ராம்தனி, எட்டு.
தில்பகதூர், எட்டு ஐந்து.
நடுவில் இரண்டு மணி நேரம்
ஏழு வருஷமாக யாருடையதும் இல்லை.

காசு கொடுக்காத வேலை செலவு இல்லை.
செலவு இல்லாதது இங்கே சேர்ந்ததும் இல்லை.
விதி பொய் சொல்லவில்லை.
அதன் கண்ணுக்கு
அந்த இரண்டு மணி நேரம் நடக்கவே இல்லை.
எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன்.
பார்க்காமல் இருப்பதற்கும் சேர்த்துத்தான்
எனக்குச் சம்பளம்.

போட்டுப் பார்த்தேன்.
ஒரு யூனிட்டுக்கு இருபத்துநான்கு திர்ஹம்.
நாற்பது புள்ளி பூஜ்யம் நான்கு.
வாசற்படியில் கட்டைவிரலை ஊன்றிய மாதிரி
நின்றது.

முனீர் ஹத்தாத் எந்தக் காகிதத்தையும்
பின்பக்கம் திருப்பிப் பார்ப்பவர்.
"எழுதிவிடு. கொடுக்க வேண்டாம்."
"ஆடிட்டர் பேங்க் சீட்டுக் கேட்பார்."
கால்குலேட்டரை இழுத்தார்.
வரி ஐம்பது. கூலி இருபத்துநான்கு.
இதைவிட எளிய கழித்தலை அந்த அறை கண்டதில்லை.
"கொடு" என்றார்,
காபி கேட்கிற குரலில்.

மாசக் கடைசியில்
வெல்டிங் வரிசை முழுக்க ஃபோன்கள் கிணுங்கின.
ராம்தனி, பணம் தப்பாக விழுந்துவிட்டதென்று
திருப்பிக் கொடுக்க வந்தான்.
முதலாளிக்கு உடம்பு சரியில்லையா
என்று கேட்டான் தில்பகதூர்.
இருதயராஜ் மாதாவுக்கு நேர்ந்திருந்தானாம்,
மெழுகுவர்த்தி வாங்கப் போனான்.
நான் வாயைத் திறக்கவில்லை.
மாதாவுக்குப் போய்விட்ட நன்றியைச்
சுங்க விதி ஒன்றின் பெயருக்கு
எப்படி மாற்றி எழுதுவது?

பழைய ஏழு வருஷத்தை யாரும் கேட்கவில்லை.
அதற்கு என்னிடம் பத்தி இல்லை.

லாரி நேற்றுப் புறப்பட்டது.
அறுநூறு பெட்டியிலும் 'இங்கே செய்தது'.
கடைசி ஸ்டிக்கரைக் கொஞ்சம் கோணலாக
இருதயராஜ் ஒட்டும்போது மணி ஆறே கால்.
எழுதிக்கொண்டேன்.

அடுத்த ஆர்டர் மொம்பாஸாவுக்கு.
அங்கே நாற்பது கேட்க மாட்டார்கள்.
முனீர் இன்னும் அதைப் பார்க்கவில்லை.
அந்தக் காகிதம் மட்டும்
என் தட்டில் அடியில் கிடக்கிறது.