அன்னப் படகு, எண் இரண்டு

கரையை அழகாக்கும் திட்டத்தில்
நான்கு அன்னப் படகுகள் வந்திறங்கின,
லாரியில், பாலித்தீன் சுற்றி,
ஆரப்பாளையம் ஓரமாக.
ஆற்றில் அன்று
ஆகாயத்தாமரையும்
ஜெயக்கொடியின் ஏழு எருமைகளும்.

டிக்கெட் கிழிக்க என்னை எடுத்தார்கள்.
கிழிக்கத்தான் டிக்கெட் இல்லை.
அச்சகத்தில் வைகையை ‘வகை’ என்று அடித்துவிட்டானாம்,
திரும்பப் போயிருக்கிறது.
கிரானைட் பெஞ்சில் உட்கார்ந்து
எதிர்ச்சுவரில் காயும் சேலைகளை எண்ணினேன்.
நூற்றி நாற்பது வரை போயிருக்கிறேன்.

ஐப்பசியில் அணை திறந்தார்கள்.
விடிகிற நேரம்
செம்மண் நிறத்தில், சத்தமில்லாமல் வந்தது தண்ணீர்,
சாவி வைத்திருக்கிற ஆள் மாதிரி.
எருமைகளை மேட்டுக்கு ஓட்டிக்கொண்டே
ஜெயக்கொடி கத்தினாள்:
“யோவ், ஒன் ஆபீஸ் போகுதுய்யா!”

சங்கிலி அறுத்துக்கொண்டு
இரண்டாம் எண் அன்னம்
கல்பாலத்தை முட்டி, ஒரு சுற்றுச் சுற்றி,
கிழக்கே போனது.
மற்ற மூன்றும் பூட்டோடு நின்று பார்த்தன.

சாயங்காலம் போன் வந்தது.
விரகனூர் மதகில் சிக்கியிருக்கிறதாம்.
பாலித்தீன் கிழிந்து, கழுத்து லேசாக விரிசல்.
உள்ளே ஒரு நாய்.
இறங்கமாட்டேன் என்கிறதாம்.

பேரேட்டை விரித்து
முதல் பக்கத்தில் ஏற்றினேன்:
பயணி ஒன்று.
கட்டணம், பாக்கி.