பன்னிரண்டாவது விரிப்பு

வாடகைச் சீட்டில் 'விசேஷம்' என்றொரு கட்டம்.
கல்யாணம், காதுகுத்து, கருமாதி,
எதுவானாலும் அண்டா அதேதான்,
அடிப்பிடித்த கறை மட்டும் மாறும்.

அன்றைக்குக் கந்தூரி என்று எழுதினேன்.
கீழே
தேக்சா நான்கு, சஹன் அறுபது,
விரிப்பு பன்னிரண்டு.

முன்பணம் கட்ட வந்த ஜொஹரா சிரித்தாள்.
"ஒரே சொல்லை ரெண்டு தடவை எழுதியிருக்கீங்க.
ரெண்டுக்கும் வாடகையா?"

என் கூட்டாளி தெட்சிணாமூர்த்திக்கு வேறு கணக்கு.
கந்து என்றால் தூண், கொடிமரம்.
ஊர் வந்து கூடினால் ஊரி.
பிரித்தால் பச்சைத் தமிழ் என்பார்.
எதையும் பிரித்துத்தான் பார்ப்பார்,
கடை அடுப்பு உட்பட.
மூட்டத் தெரியாது.

"பாரசீகத்துல அது ஒரு துணிண்ணே" என்றாள்.
சாப்பிட உட்காருமுன் தரையில் விரிப்பது.
தோலிலும் உண்டாம், நூலிலும் உண்டாம்.
அகராதியில் ஒற்றை வரி.

எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.
கொடியும் கூடும் கொட்டும் வாணமுமாய்
முத்துப்பேட்டையே அடைத்து நிற்கிற சொல்லுக்குள்
ஒரு துணியா?

கப்பலில் மடித்து வந்திருக்கும்.
இறங்கிய கரையில் எவனோ உதறியிருப்பான்,
மணல் பறந்திருக்கும்.
முதலில் விரிந்தது அது.
ஊர் பிறகு வந்து அதன்மேல் உட்கார்ந்தது.

சந்தனம் பூசிய மூன்றாம் நாள்
சாமான் திரும்பியது.
தேக்சா சரி. சஹன் ஒன்று நசுங்கல்.
விரிப்பு பதினொன்று.

"ஐஸ் கம்பெனிப் பக்கம் பாருங்க" என்றான் வண்டிக்காரன்.

கோரையாற்றில் ஓதம் ஏறிக்கொண்டிருந்தது.
கொட்டகைக்குப் பின்னால், நண்டு வலைகளுக்கு நடுவே
சிவப்புக் கோடு போட்ட என் விரிப்பு,
மூலையில் கடை எழுத்தோடு.
அதன்மேல் ஒடிசாப் பையன்கள் ஆறு பேர்,
பனிக்கட்டி உடைத்த கை இன்னும் விறைத்திருக்க
சோறும் பொடிமீன் குழம்பும் வைத்துக்கொண்டு.

தொலைந்த துணிக்கு நூற்றிருபது ரூபாய்.
கேட்க வாயெடுத்தேன்.
அவர்களுக்குத் தமிழ் "உட்காரு" வரைக்கும்தான்.
அதைச் சொல்லிவிட்டு ஒருவன் தள்ளிக்கொண்டான்.
துணியில் ஓர் ஆள் அகலம் வெறுமையானது.

செருப்பைக் கழற்றினேன்.

இரவு கணக்கு முடிக்கையில்
பன்னிரண்டாவது எங்கே என்றார் தெட்சிணாமூர்த்தி.
கந்தூரியில் என்றேன்.

"அது முடிஞ்சு மூணு நாளாச்சேய்யா."

விரலில் இன்னும் மீன் வாசம்.
அந்த விரலாலேயே பேனாவை மூடினேன்.