மாலேஷ்

கிளீட்டஸ் போய்ப் பதினோரு நாள்.
உடம்பு இன்னும் பிணவறைப் பெட்டியில்.
கையெழுத்து வாங்கித் தரவேண்டிய மந்தூப்
லீவில் துருக்கி போயிருக்கிறான்.

ஃபஹாஹீலில் எங்கள் அறைக்கு ஏழு பேர், இரண்டு ஷிப்டு.
எந்நேரமும் யாராவது தூங்குகிறார்கள்.
அழுவதற்கு ஒரு நேரம் அமையவில்லை.
குளியலறையில் அழலாமென்றால்
வெளியே வாளியோடு மூன்று பேர்.
அவன் கட்டிலுக்குப் புதனன்றே ஆள் வந்துவிட்டது,
கடப்பாப் பையன்,
தலையணையை மட்டும் மாற்றிக்கொண்டான்.

லாக்கரைக் காலி செய்தது நானும் சதக்கும்.
தூதரகத்துக்கு லிஸ்ட் வேண்டுமாம்.
செல்போன் ஒன்று. ஜெபமாலை ஒன்று.
வேலைக்குப் போடும் பேன்ட் இரண்டு,
பையெல்லாம் சூரியகாந்தி விதைத் தொலி.
தொலியை எந்தக் கணக்கில் எழுதுவது?
ஊதா மஃப்ளர் ஒன்று.
அடியில் ஆட்டங்களின் அட்டவணை,
வரும் வியாழனைச் சுற்றிப் பென்சில் வட்டம்.

எனக்குப் பந்து பிடிக்காது.
ரிஃபைனரியில் சாரம் கட்டுகிறவனுக்கு
அவர்கள் கிளப்பில் என்னடா வேலை,
ஜெயித்தால் உனக்கு ஓவர்டைம் போடுவானா
என்று கேட்டிருக்கிறேன்.
சாக்ஸை உதறியபடி சொன்னான்:
"உக்காந்தா யாரும் எழுப்பாத நாற்காலிடா.
அப்புறம், கத்தலாம்."

இரவு பதினொன்றுக்குத் திரும்புவான்.
விளக்கணைத்த அறையில், யாரும் கேட்காமலே,
ஸ்கோர் சொல்லுவான்:
ரெண்டுக்கு ஒண்ணு, ஜெயிச்சுட்டோம்.
ஒண்ணுமில்லாம டிரா பண்ணிட்டோம்.
அந்த 'டோமை'க் கேட்டு
ஆளாளுக்குக் கெட்ட வார்த்தை சொல்வோம்.

வியாழன் நான் போனேன்.
மஃப்ளரைக் கழுத்தில் போடக் கூச்சமாயிருந்தது,
கையில் சுற்றிக்கொண்டேன்.
முந்நூறு பேர் இருக்கலாம்.
மற்றதெல்லாம் காலி நாற்காலி.
மேளக்காரன் மஃப்ளரைப் பார்த்தான்,
என்னைப் பார்த்தான்,
தூணோரத்து இருக்கையைப் பார்த்தான்.
"வேன் கிலீத்?"

அரபியில் எனக்குத் தெரிந்தது கலாஸ்.
அரிசி தீர்ந்தால் கலாஸ். சிமெண்ட் தீர்ந்தால் கலாஸ்.
அதையே சொன்னேன்.
"சஃபர்?" என்றான் முகம் மலர்ந்து.
ஊருக்கா?
ஆமாம் என்று தலையாட்டினேன்.
பொய்யில்லை. எப்படியும் போகத்தான் போகிறான்.
அவன் மேளத்தைத் தூக்கிக்கொண்டான்,
கிலீத், கிலீத் என்று
முந்நூறு தொண்டை அவனை வழியனுப்பியது.
சாரத்தில் நின்றவன் பெயரை
இந்த நாட்டில் அதுவரை
ஃபோர்மேன்தான் கத்தியிருக்கிறான்.

ஆட்டம் எனக்குப் புரியவில்லை.
அங்கிருந்து இங்கே ஓடினார்கள்.
கடைசி நிமிடத்தில் ஏதோ காலில் பட்டு
பந்து நம் வலைக்குள் மெதுவாக, மிக மெதுவாக
உருண்டு போய் நின்றது.
மேளம் நின்றது.
எல்லோரும் தலையில் கை வைத்த அந்த நொடி
எனக்கு உடைந்துவிட்டது.
பதினோரு நாளும் சேர்ந்து, மூக்கு ஒழுக,
பெயர் சொல்லி, வாய்விட்டு அழுதேன்.
யாரும் திரும்பவில்லை.
முன்வரிசையிலும் ஒருவன் அழுதுகொண்டிருந்தான்.

பக்கத்தில் ஒரு மிஸ்ரிக் கிழவர், டாக்சி ஓட்டுபவராம்,
என் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்தார்.
மாலேஷ், என்றார். மாலேஷ், மாலேஷ்.
பஸ்ஸில் காலை மிதித்தால் சொல்லும் வார்த்தை.
அடுத்த வியாழன் பார்த்துக்கொள்ளலாம் என்பதுபோல்
விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டார்.
என் கையில் விதைகளைக் கொட்டினார்.
உடைக்கத் தெரியாமல்
தொலியோடு மென்றேன். உப்பு.

அறை இருட்டாயிருந்தது.
செருப்பைக் கழற்றிவிட்டு
அவன் கட்டில் பக்கமாகச் சொன்னேன்:
ஒண்ணுக்கு சைபர்.
தோத்துட்டோம்.

கடப்பாப் பையன்
போர்வைக்குள்ளிருந்து தெலுங்கில்
நல்ல கெட்ட வார்த்தை ஒன்று சொன்னான்.