மூன்று குடையும் ஒரு சாணும்

பவளக்காரத் தெருவில் பிரியும் ஒரு சந்து
பொதுவழியா, தனிவழியா என்று
பதினேழு வருஷமாய் வழக்கு.
"எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் தேடு,
ஏதாவது ஒரு காகிதம் கொண்டு வாம்மா"
என்று அனுப்பினார் சீனியர்.

கிடைத்தது ஒரு வாரப் பத்திரிகை,
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்பது,
பூச்சி தின்றது போக மீதி.
ஆசிரியர் லூடொல்ஃப் பிரைஸ்மன்.
பெரியமேட்டில் தோல் வாங்க
ஹாம்பர்கிலிருந்து வந்தவர்,
திரும்பும் கப்பலைத் தவறவிட்டு
அச்சுக்கூடம் வாங்கினாராம்.
எழுத்துக் கோத்த மாசிலாமணிக்கு
அவர் லூத்தப்பா துரை.

இரவல் இங்கிலீஷில் எழுதினார்
நம் ஊர்ச் சரித்திரம்.
கோட்டையைத் தொடவில்லை,
கவர்னர்கள் பக்கமே போகவில்லை.
எந்தக் கிணறு எந்தக் கோடையில் உப்புக் கரித்தது,
செக்குமாடு மிரண்டு யார் வீட்டுச் சுவர் விழுந்தது,
அதற்கு யார் யாரோடு பேசாமல் போனார்கள்.
என் சந்து பற்றியும் இருந்தது:
"அகலம் மூன்று குடை, ஒரு சாண்.
மழைக்கு ஒதுங்கியவர் எவரும்
அனுமதி கேட்டு நான் பார்த்ததில்லை."

அடுத்த வாரம் திருத்தம்:
"நான் அளந்தது இரவல் குடை.
என்னுடையது அதைவிடக் குட்டை.
வாசகர்கள் மன்னிக்கவும்."

வந்த வேலை முடிந்துவிட்டது.
நான் எழுந்திருக்கவில்லை.

பதினான்காம் வருஷம், செப்டம்பர்.
ராத்திரியில் எம்டன் வந்து
துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது.
விடிவதற்குள் பாதிப் பட்டணம்
மூட்டை முடிச்சோடு ரயிலடியில்.
இவர் எதிர்த்திசையில் நடந்திருக்கிறார்,
கையில் நோட்டுப் புத்தகம்.
ராயபுரத்து எட்டியப்பனை நிறுத்திக் கேட்டாராம்:
சத்தம் மொத்தம் எத்தனை?
ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில்
எத்தனை மூச்சு?

குண்டு எண்ணுகிற ஜெர்மன்காரனை
எந்தப் போலீஸ் விடும்.

அடுத்த இதழில்
அவர் பத்தி இருந்த இடம் வெள்ளை.
அதற்கடுத்த இதழில்
ஊறுகாய் ஜாடி விளம்பரம்.
அகமதுநகர் முகாம் என்று எங்கோ ஒரு வரி.
பிறகு அவர் பெயரே இல்லை.

பதினெட்டு வருஷம் இந்த ஊரை எழுதினார்.
ஊர் எடுத்து வைத்துக்கொண்டது
ஒரே ஒரு ஜெர்மன் சொல்லை.
அதுவும் சுட்டுவிட்டுப் போன கப்பலின் பேரை.
எதிர்த்தரப்பு வக்கீலைப் பற்றி
சீனியர் இன்றைக்கும் சொல்கிறார்:
"அவன் பெரிய எம்டன், பார்த்துக்கோ."

நீதிபதி கண்ணாடியை இறக்கிக் கேட்டார்:
"எந்தக் குடைம்மா?"
கோர்ட்டே சிரித்தது.
எனக்கு அது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது.
வாய்தா தை மாதத்துக்குப் போயிருக்கிறது.

நேற்று சாயங்காலம் மழை.
சந்துக்குள் ஒதுங்கினோம்,
சாப்பாடு கொண்டுபோகும் பையன்கள் மூன்று பேர்,
ஒரு நாய், நான்.
யாரும் யாரையும் கேட்கவில்லை.
குடையை விரித்துச் சுவரோடு வைத்து அளந்தேன்.
செல்போன் உறை விற்கும் கடையொன்று
ஒரு பக்கத்தைத் தின்றிருந்தது.

கட்டின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டேன்:
இரண்டரைக் குடை.

மடக்குக் குடை.
சற்றுச் சின்னது.